மலைச் சைக்கிள் பாதைகளின் ஏற்றமும் இறக்கமும்

மனிதருக்கு மட்டுமன்றிப் பாதைகளுக்கும் வாழ்வு தாழ்வு உண்டு. ஒரு காலத்தில் ஊரே நடந்து சென்ற பாதை மற்றொரு காலத்தில் புல் மூடிக் கிடக்கும். ஆடு மாடுகள் கூட ஏறத் தயங்கிய சரிவு ஒன்று, திடீரென்று ஆயிரக்கணக்கானோர் தேடி வரும் இடமாகிவிடும். சமவெளியில் இந்த மாற்றம் எளிதில் புலப்படுவதில்லை. பழைய பாதையின் மேலேயே புதிய சாலை அமைந்து, முன்பு இருந்ததை மறைத்துவிடுகிறது. மலைநாட்டிலோ பழைய பாதை ஒரு சரிவில் கிடக்க, புதிய பாதை எதிர்ச் சரிவில் போகும். இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம்.

நீலகிரியின் தென்மேற்கே, குந்தா வட்டத்தில், மஞ்சூருக்கு அருகே பிக்கட்டி என்றொரு பேரூர் இருக்கின்றது. படகர் ஊர்கள் நிறைந்த பகுதி அது. எந்தத் திசையில் நோக்கினாலும் தேயிலை. தேயிலைக்கு மேலே சோலைக் காடும் கர்ப்பூர மரங்களும். சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையை வாங்கிப் பக்குவம் செய்யும் கூட்டுறவு ஆலை ஒன்றும் அங்கே உண்டு. தோட்டங்களுக்கு ஊடே எத்தனை ஒற்றையடிப் பாதைகள் வளைந்து நெளிந்து செல்கின்றன என்பதை எண்ணி முடியாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், விறகு சுமந்து வருகிறவர்கள், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் ஆகியோரின் கால்கள் பல தலைமுறைகளாகப் போட்ட பாதைகள் அவை.

இத்தகைய பாதைகளைக் காணும் வெளியூர் இளைஞர் ஒருவருக்கு, 'இங்கே மலைச் சைக்கிள் விடலாமே! அதற்கென்று ஒரு நிலையம் அமைத்தால் ஊருக்கு நாலு காசு வருமே!' என்று தோன்றுவது இயல்பே. அந்த எண்ணத்தைக் கேலி செய்வதற்கில்லை. உலகத்தில் பல மலையூர்கள் இவ்வாறு எண்ணி, செய்தும் பார்த்திருக்கின்றன. சில வாழ்ந்தன; சில வாழ்ந்து பின் தளர்ந்தன. அந்த வரலாற்றைச் சற்று விரிவாக அறிந்துகொண்டு, பிறகு பிக்கட்டிக்குத் திரும்புவோம்.

முதலில் மலைச் சைக்கிள் என்பது யாது? மலைநாட்டில் வாழ்கிறவர்களிடம் கேட்டால், 'மலையில் சைக்கிளை மிதிப்பதைக் காட்டிலும் தள்ளுவதுதான் அதிகம்' என்று சிரிப்பார்கள். அவர்கள் சொல்வது சாதாரணச் சைக்கிளைப் பற்றி. மலைச் சைக்கிளின் டயர் பருத்தது, முட்கள் போன்ற பிடிப்பு உடையது. கியர்கள் பல இருப்பதால், வேகம் குறைந்தாலும் செங்குத்தான ஏற்றத்தை மிதித்தே ஏறிவிடலாம். முன் சக்கரத்தைத் தாங்கும் கவையில் அதிர்ச்சியை விழுங்கும் வில் அமைப்பு உண்டு. பிரேக்கோ, சரிவில் பாயும் வண்டியை இரண்டு விரலால் நிறுத்தும் வலிமை வாய்ந்தது.

இவ்வண்டி எந்தத் தொழிற்சாலையிலும் திட்டமிட்டுப் பிறந்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டமால்பாய்ஸ் என்றொரு மலை இருக்கின்றது. 1970களில் அதன் அடிவாரத்து இளைஞர்கள் சிலர், குப்பையில் போட வேண்டிய பழைய கனமான சைக்கிள்களை எடுத்துச் செப்பனிட்டு, காட்டுத்தீ அணைப்போருக்காக வெட்டிய மண்சாலைகளில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு குறிப்பிட்ட சரிவு 2 மைலுக்குள் ஏறக்குறைய 1,300 அடி இறங்கியது. பழைய வண்டிகளில் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. அடிவாரம் வந்து சேர்வதற்குள் ஹப்பில் அடைத்திருந்த கிரீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். மறுமுறை இறங்குவதற்கு முன் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். 'மறுபடியும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அந்தச் சரிவின் பெயராயிற்று. முதல் ரீபேக் பந்தயம் 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் நடந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே புதிய சட்டகம் ஒன்றைக் கட்டினார். 1980களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகள் இவ்வகை வண்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து விற்கத் தொடங்கின. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது. இருபது ஆண்டுகளில் குப்பைமேட்டிலிருந்து ஒலிம்பிக் அரங்கம் வரை!

ஆனால் இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். இவ்விளையாட்டு பிறந்த அதே டமால்பாய்ஸ் மலையில், குறுகிய ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் செல்லக் கூடாது என்ற தடை நீண்ட காலம் நிலவியது. நடப்போரும் குதிரையேறுவோரும், தங்கள் பாதையில் சைக்கிள்கள் பாய்ந்து வருவதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே பாதையை இருவகையினர் பயன்படுத்தும்போது எழும் இந்தச் சச்சரவுக்கு விடையாகத்தான், சைக்கிளுக்கென்றே தனியாகப் பாதை வெட்டி, அதற்கென்று ஒரு நிலையமும் அமைக்கும் முறை தோன்றியது எனலாம்.

அம்முறை நன்கு உருப்பெற்ற இடம் பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாடு. அந்நாட்டின் வடபகுதியில் டோல்கெல்லாய் என்னும் சிற்றூருக்கு அருகே 'கோயிட் அ பிரெனின்' என்றொரு காடு இருக்கின்றது. வேல்ஸ் மொழியில் 'அரசனின் காடு' என்று பொருள். முன்னர் ஒரு ஜமீனுக்குச் சொந்தமாயிருந்த நிலம் 1920களில் அரசாங்க வனத்துறையின் கைக்கு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி 1935இல் இப்பெயர் சூட்டப்பட்டது. நோக்கம் மரம் வளர்த்தல்; வேறொன்றுமில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டன் மரப் பஞ்சத்தால் அவதிப்பட்டது. அதன் விளைவாக நாடெங்கும் ஊசியிலை மரங்களை நட்டார்கள். நமது நீலகிரியில் கர்ப்பூர மரமும் சீகை மரமும் புல்வெளிகளை மூடியதை அறிந்தவர்களுக்கு இச்செய்தி புதிதாக இராது.

1990களில் அந்தக் காட்டில் பணிபுரிந்த டேவிட் டேவிஸ் என்பவர்—வேல்ஸ் மொழியில் 'டாவித்' என்று உச்சரிப்பார்கள்—மலைச் சைக்கிளுக்கென்றே பாதை அமைக்கும் முயற்சியில் இறங்கினார். அதற்கு முன்பு, மரவண்டிகள் போகும் அகலமான சாலைகளில் நாலு அம்புக்குறிப் பலகைகளை நட்டுவிட்டு அதையே சைக்கிள் பாதை என்று சொல்வதுதான் வழக்கம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மரங்களின் நடுவே குறுகலான பாதையை வெட்டி, ஈரமான இடங்களில் கல் பாவி, வளைவுகளில் கரை எடுத்து, எந்த மழையிலும் சைக்கிள் செல்லுமாறு செய்தார். எளிய பாதை, நடுத்தரப் பாதை, கடினப் பாதை என்று தரம் பிரித்து நிறக் குறிகளும் இட்டனர். செய்தி பரவியது. இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து கார்களின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மக்கள் வந்தனர். ஸ்காட்லாந்து இம்முறையைப் பார்த்து 2000களில் தன் தென்பகுதியில் 'ஏழு கற்கள்' என்ற பொருளுடைய பெயரில் ஏழு நிலையங்களைத் திறந்தது. கோயிட் அ பிரெனினில் 2006இல் புதிய வருகையாளர் மண்டபம் எழுந்தது. உணவு விடுதியும் சைக்கிள் கடையும் நடந்தன. சுற்றுப்புறத்துத் தங்கும் விடுதிகளுக்கும் வாழ்வு வந்தது.

இது ஏற்றம். இறக்கம் எப்படி வந்தது?

சில காரணங்கள் யார் கையிலும் இல்லாதவை. 2001இல் பிரிட்டனின் கால்நடைகளைக் கோமாரி நோய் தாக்கியது. கிராமப்புறப் பாதைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். பிற்காலத்தில் லார்ச் என்னும் மரத்தை அழிக்கும் நோய் 2010இல் வேல்ஸில் காணப்பட்டது. நோயுற்ற மரங்களைக் கூட்டங்கூட்டமாக வெட்டிச் சாய்க்க வேண்டியதாயிற்று. மரம் வெட்டும்போது அதனூடே செல்லும் பாதையைத் திறந்து வைக்க இயலாது அன்றோ?

மற்றொரு காரணம் சுவை மாறியது. முதல் தலைமுறையினர், மிதித்து ஏறி மூச்சு வாங்கி, பிறகு இறங்குவதையே விளையாட்டாகக் கொண்டனர். அடுத்த தலைமுறையினர் இறங்குவதை மட்டும் விரும்பினர். சைக்கிளையும் ஆளையும் வேனில் ஏற்றி உச்சியில் கொண்டுபோய் விடும் நிலையங்கள் வேல்ஸிலேயே தோன்றின. பிளைநாய் பெஸ்டினியோக் என்னும் ஊரில் பழைய பலகைக்கல் சுரங்கத்தருகே 2012இல் ஒன்று. தெற்கே மெர்த்தர் டிட்வில் என்னும் பழைய இரும்புத் தொழில் நகரத்தருகே 2013இல் மற்றொன்று. முன்னோடியின் வாடிக்கையாளர்களைப் பின்னோர் பங்கிட்டுக்கொண்டனர். எத்தொழிலிலும் நடப்பதுதான் இது.

மூன்றாவது காரணத்தைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அது கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்தது. அங்கே பாதையில் செல்லக் கட்டணம் கிடையாது. காட்டுக்குள் நூறு வழியில் நுழையலாம்; எந்த வழியில் சீட்டுக் கிழிப்பது? ஆகவே வருமானம் என்பது கார் நிறுத்தும் கட்டணம், காப்பி, உணவு, கடை வாடகை இவற்றிலிருந்தே வந்தாக வேண்டும். செலவோ பாதையில் இருக்கின்றது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஆள் நடந்து பார்க்க வேண்டும். பெயர்ந்த கல்லைத் திரும்பப் பதிக்க வேண்டும். விழுந்த மரத்தை அறுத்து அகற்ற வேண்டும். யாரேனும் விழுந்து எலும்பு முறிந்தால் வழக்கு வரும். அதற்குக் காப்பீடு வேண்டும். ஒரு கையால் வாங்குவது காப்பிக் காசு. மறு கையால் கொடுப்பது கல் பதிக்கும் கூலி. ஆட்கள் அலை அலையாக வரும் வரையில் இக்கணக்கு நேராகும். அலை சற்று ஓய்ந்தாலும் பற்று வரவு பொருந்தாது.

2013 முதல் அந்தக் காட்டின் பொறுப்பு, வேல்ஸ் நாட்டு இயற்கை வளத் துறையிடம் இருந்து வந்தது. அத்துறைக்குப் பணமுடை ஏற்பட்டபோது, வெள்ளத் தடுப்பு, ஆறுகளின் தூய்மை போன்ற கட்டாயக் கடமைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குறைக்க முடிவு செய்தது. கோயிட் அ பிரெனின் உள்ளிட்ட மூன்று வருகையாளர் மண்டபங்களின் உணவு விடுதியையும் கடைகளையும் 2025ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. பாதைகளும் கார் நிறுத்துமிடமும் திறந்தேயிருக்கும் என்றும் அறிவித்தது. சுற்றுவட்டார மக்கள் சங்கம் கூட்டி, மண்டபத்தைத் தாங்களே ஏற்று நடத்துகிறோம் என்று முன்வந்தனர்; சட்டமன்றத்துக்கும் விண்ணப்பம் செய்தனர். காசு கொடுத்த காப்பிக் கடை மூடப்பட்டது, காசு கொடுக்காத பாதை எஞ்சியது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இவ்விளையாட்டு வேரூன்றியது இமயமலைச் சரிவுகளில்தான். சிம்லாவை மையமாகக் கொண்ட பந்தயம் இருபது ஆண்டுகளாக அறியப்பட்டது. தென்னாட்டில் கேரளம் முந்திக்கொண்டது. அதுவும் காட்டில் அன்று, தேயிலையில். வயநாட்டின் மானந்தவாடிக்கு அருகே பிரியதர்சினி என்னும் தேயிலைத் தோட்டம் உண்டு. கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பழங்குடி மக்களின் மறுவாழ்வுக்காக ஏற்பட்ட தோட்டம் அது. அங்கே மலைச் சைக்கிள் போட்டிகள் நடைபெற்றிருக்கின்றன. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டியின் 28ஆம் கூட்டம் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடந்தது. பல ஆசிய நாடுகளின் வீரர்கள் வந்தனர். அங்கும் பந்தயப் பாதை தேயிலைத் தோட்டத்திலேதான் அமைந்தது.

தேயிலைத் தோட்டம் ஏன் பொருந்துகிறது? அங்கே சரிவு இருக்கிறது; செடிகளின் இடையே பார்வை தடையின்றிப் போகிறது; பாதைகள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கின்றன; நிலத்துக்கு ஓர் உரிமையாளர் இருப்பதால் ஒப்பந்தம் செய்வது எளிது. ஆனால் போட்டி என்பது நாலு நாள் திருவிழா. தேர் ஓடிவிட்டால் தெரு அடங்கிவிடும். நிலையம் என்பதோ நாள்தோறும் விளக்கேற்ற வேண்டிய கோயில். இரண்டும் வேறு வேறு.

நீலகிரியில் சைக்கிள் என்றால் பலருக்கும் நினைவு வருவது, பெங்களூரைச் சேர்ந்த ஆர்வலர்கள் 2008இல் தொடங்கிய 'டூர் ஆப் நீல்கிரிஸ்' பயணந்தான். அது தார்ச்சாலைப் பயணம். மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையே அதில் பெரிய சோதனை. மண்பாதையில் சைக்கிள் விடுவோருக்கென்று கோயிட் அ பிரெனினைப் போன்ற நிலையம் எதுவும் இங்கே வளர்ந்து பெயர் பெறவில்லை. ஆயினும் பாதைகளின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தவரை நீலகிரிக்கு வேல்ஸ் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிய பிறகு, முதலில் வெட்டப்பட்ட பாதை சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரி வழியாக ஏறிற்று. பத்தாண்டுகள் அதுவே தலைவாசல். 1830களின் தொடக்கத்தில் குன்னூர் வழியாக வேறொரு பாதை வந்தது. கோத்தகிரியின் மவுசு குறைந்தது. பின்னர் குன்னூருக்கு நல்ல வண்டிச்சாலையும், 1899இல் பற்சக்கர ரயிலும் வந்தன. 1908இல் ரயில் உதகையையும் எட்டியது. அதே 1830களில் மலையாளக் கரையிலிருந்து சிஸ்பாறைக் கணவாய் வழியாகக் குந்தா மலைமேல் ஏறி, அவலாஞ்சி வழியாக உதகைக்கு ஒரு குதிரைப் பாதையைப் பயனீர் படையினர் அமைத்தனர். கோழிக்கோட்டிலிருந்து தபாலும் பயணிகளும் அவ்வழியே வந்தார்கள். இடையில் தங்கல் மனைகள் இருந்தன. பங்கித்தபால் என்னும் இடத்தின் பெயரே அந்நாளில் அவ்வழியே சென்ற தபாலை நினைவூட்டுகின்றது.

அந்தப் பாதை ஏன் அழிந்தது? பகைவர் யாரும் வந்து அழிக்கவில்லை. மழை அழித்தது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து முதலில் மோதும் சுவர் குந்தா மலை. ஆண்டுதோறும் இடிந்த பாதையை ஆண்டுதோறும் செப்பனிடப் பணம் ஒதுக்கும் வரையில் அது உயிரோடிருந்தது. வேறு கணவாய்களில் நல்ல சாலைகள் வந்ததும் பணம் அங்கே போயிற்று. சிஸ்பாறையைப் புல் மூடிக்கொண்டது. இன்று அம்மலைமுடிகள் முக்குருத்தித் தேசியப் பூங்காவில் அடங்கிவிட்டன. வரையாடு நடக்கும் இடம் அது. மக்கள் நினைத்தபோது நடக்கும் வழியன்று. அவலாஞ்சி என்ற பெயரும் பனிச்சரிவால் வந்ததன்று. முன்னொரு காலத்தில் அங்கு நேர்ந்த பெரிய மண்சரிவைக் கண்டு ஆங்கிலேயர் இட்ட பெயர். அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. சென்னை நகரில் ஓராண்டில் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! பிக்கட்டியும் அந்தக் குந்தா மலைத்தொடரின் ஊர் என்பதை மறத்தலாகாது.

ஆகவே பாதையைப் பற்றிய பேச்சு, முடிவில் தண்ணீரைப் பற்றிய பேச்சாகவே ஆகிவிடுகின்றது. மண்பாதையை அழிப்பது சைக்கிள் சக்கரம் என்று பலர் நினைக்கிறார்கள். சக்கரம் தொடங்கி வைக்கிறது. முடித்து வைப்பது நீர். சரிவில் நேராக மேலிருந்து கீழே பாதை வெட்டினால், முதல் மழையிலேயே அது பாதையாக இராது, ஓடையாகிவிடும். இரண்டு மூன்று பருவங்களில் முழங்கால் ஆழத்துக்குக் குடைந்துவிடும். அதனால் அனுபவம் மிக்க பாதைக்காரர்கள் ஒரு விதியைக் கைக்கொள்ளுகிறார்கள். மலைச் சரிவு எவ்வளவோ, பாதையின் சரிவு அதில் பாதிக்கு மேல் போகலாகாது. நூறு அடிக்கு இருபது அடி இறங்கும் மலைப்பக்கத்தில், பாதை நூறு அடிக்குப் பத்து அடிக்கு மேல் இறங்கக் கூடாது. அப்போது பாதை மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும். மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். பாதையின் வெளியோரத்தைச் சற்றுத் தாழ்த்தி வைப்பார்கள். முப்பது நாற்பது தப்படிக்கு ஒருமுறை பாதையையே சிறிது இறக்கி ஏற்றுவார்கள். நீர் அந்தப் பள்ளத்தில் வெளியேறிவிடும். சைக்கிள் விடுகிறவருக்கோ அந்த ஏற்ற இறக்கமே இன்பமாயிருக்கும். நீருக்குச் செய்த வேலை விளையாட்டாகவும் அமைந்துவிடுவதுதான் இக்கலையின் நயம். பழைய தேயிலைத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே வடிகால் வெட்டிய தொழிலாளிகளுக்கு இந்த நுணுக்கத்தை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மம்மட்டி பிடித்த கைகள் அறிந்ததே இது.

பிக்கட்டியில் ஒருவர் இம்முயற்சியைத் தொடங்க நினைத்தால், அவர் முன் நிற்கும் முதற்கேள்வி நிலம் யாருடையது என்பது. மேலே காடு, அது வனத்துறையைச் சேர்ந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேரைப் பலி கொண்டது. அந்தத் துயரத்துக்குப் பின் மலைக்காடுகளில் நுழைவதற்குத் தமிழக அரசு கடுமையான விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தின்கீழ் மாநிலமெங்கும் 40 நடைபாதைகள் திறக்கப்பட்டன. அவற்றுள் அவலாஞ்சிப் பகுதியிலிருந்து ஏறும் பாதைகளும் உண்டு. முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் நடந்து செல்லலாம். தீ அபாயம் மிகுந்த பிப்ரவரி நடுப்பகுதியில் அவற்றை மூடிவிடுகிறார்கள். நடப்போருக்கே இத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, யானையும் புலியும் கரடியும் உலவும் காட்டில் மணிக்கு இருபது மைல் வேகத்தில் ஓசையின்றிப் பாயும் சைக்கிளை அனுமதிப்பார்களா? அனுமதிக்கவும் கூடாது என்பதே என் கருத்து. ஓசையின்றி வருவதுதான் சைக்கிளின் பெருமை. காட்டில் அதுவே அதன் குற்றம். திடீரென்று எதிர்ப்பட்ட கரடி, வந்தவர் விளையாட வந்தவர் என்று விசாரித்துக்கொண்டிராது.

ஆகவே எஞ்சுவது தேயிலை நிலம். வயநாட்டிலும் பொன்முடியிலும் இருப்பது போல ஒரே பெரிய தோட்டம் இங்கே அன்று. சிறு சிறு துண்டுகளாகப் பல குடும்பங்களுக்குச் சொந்தமான நிலம். ஒரு மைல் பாதை பல பேருடைய வரப்பைத் தொடும். ஒருவர் மறுத்தாலும் பாதை அறுந்துவிடும். மேலும், அந்தப் பாதைகள் வெறுமனே கிடப்பவை அல்ல. காலையிலும் மாலையிலும் தலையில் கொழுந்து மூட்டையுடன் பெண்கள் அவ்வழியே வருவார்கள். முப்பது கிலோ சுமையோடு வளைவில் திரும்புகிறவர் சட்டென்று ஒதுங்குவது எப்படி? கலிபோர்னியாவில் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் மூண்ட சச்சரவு பொழுதுபோக்குவோர் இருவரிடையே எழுந்தது. இங்கே எழுந்தால் அது பிழைக்க நடப்பவருக்கும் பொழுதுபோக்க வந்தவருக்கும் இடையே எழும். அந்த வழக்கில் தீர்ப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதற்கும் மனம் வரவில்லை. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை சரிந்தது; அதன் பிறகு சிறு விவசாயி நிம்மதியாக மூச்சுவிட்டதில்லை. விலை கேட்டுப் போராடாத ஆண்டு அரிது. படித்த பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிடுகிறார்கள். மற்றொரு புறம் உதகையோ வண்டிகளால் திணறுகின்றது. 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற ஆணைப்படி வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே வந்தது. உதகையில் குவியும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி, அதுவும் மிதித்து வருகிற பகுதி, குந்தாப் பக்கம் திரும்பினால் ஊருக்கு உதவியே.

ஆனால் அது வேல்ஸ் நாட்டின் வரிசையைத் தலைகீழாக்கித் தொடங்க வேண்டும். மண்டபம் கட்டுவதில் முதற்பணத்தைப் போடலாகாது. நீலகிரியில் கட்டடம் எழுப்புவதற்கு மலைப்பகுதி விதிகளின்படி பெறவேண்டிய அனுமதிகள் ஒருபுறமிருக்க, கோயிட் அ பிரெனினில் முதலில் விழுந்ததே அந்தப் பகுதிதான். பிக்கட்டியில் தேநீர்க் கடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. வீட்டில் விருந்தினரை வைத்துக்கொள்ளக்கூடிய குடும்பங்களும் இருக்கும். பணம் முழுவதும் இரண்டு மூன்று மைல் பாதைக்கும், அதைக் காக்கும் நாலைந்து ஆட்களின் கூலிக்கும் போக வேண்டும். கொழுந்து சுமப்போர் நடக்கும் வழியைத் தொடாமல் புதிய தடம் வகுக்க வேண்டும். நிலத்தைக் கடந்து செல்லவிடும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சீட்டுப் பணத்தில் பங்கு இருக்க வேண்டும். இங்கே நுழையும் வழி ஒன்றிரண்டுதான். ஆகவே வேல்ஸில் இயலாத சீட்டு இங்கே இயலும். ஊர்க் கூட்டத்தில் பெண்களும் அமர்ந்து ஒப்புக்கொள்ளாமல் ஒரு கல்லும் பெயர்க்கக் கூடாது.

மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை; குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் போல அவ்வளவு கடுமையாக இராவிட்டாலும் மண் நனைந்தே இருக்கும். நனைந்த செம்மண்ணில் ஒரு வாரம் சைக்கிள் விட்டால், ஓராண்டு உழைப்பு பாழாகும். டிசம்பர் கடைசியில் வானம் வெளுக்கின்றது. ஜனவரியில் விடியற்காலை உறைபனி விழுந்து, தாழ்ந்த இடங்களிலுள்ள தேயிலை கருகுகின்றது. பிப்ரவரி, மார்ச்சில் வறட்சி. அந்தக் காலத்தில் கொழுந்து குறைந்து, ஆலைக்கு இலை வருவதும் குறைந்து, பறிக்கும் கூலியும் குறைந்துவிடும். பாதை நன்றாக உலர்ந்து கிடப்பதும் அந்த மாதங்களிலேதான். ஆகையால் இத்தொழில் தேயிலைக்குப் போட்டியாக வர வேண்டியதில்லை. தேயிலை ஓய்ந்திருக்கும் மூன்று மாதங்களில் நாலு குடும்பத்துக்குக் கூலியும், இரண்டு கடைக்கு வியாபாரமும், சைக்கிள் பழுது பார்க்கக் கற்ற ஓரிரு இளைஞர்களுக்கு ஊரிலேயே வேலையும் கிடைக்கும். ஏப்ரலில் கோடை மழை இறங்கியதும் பாதையின் தலைமாட்டில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி மூடிவிட்டு, வடிகால்களை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, எல்லாரும் கொழுந்துக்குத் திரும்பலாம்.